பின்னால் நிற்பவர் எந்த மாடலை வாங்கினார்?

மேற்கு வங்கத்தில் ஜீப் வகை வண்டியைப் பிரித்து மாட்டுவது புதிய கலை அன்று. டார்ஜிலிங் மாவட்டத்தின் மானேபஞ்சங்கிலிருந்து 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்புவுக்கு ஏறும் 31 கிலோமீட்டர் மலைப்பாதையில் 1950களின் லேண்ட் ரோவர்கள் பல பத்தாண்டுகள் ஓடிப் பிழைத்திருக்கின்றன. அவற்றுள் பலவற்றின் பிரிட்டிஷ் எஞ்சின்கள் என்றோ இறக்கப்பட்டு, மகிந்திராவின் டீசல் எஞ்சின்கள் அந்த இடத்தில் ஏறிவிட்டன. உதிரி கிடைக்காத ஊரில் இருப்பதை வைத்து ஓட்டியாக வேண்டும். 2018இல் தன் 70ஆம் ஆண்டைக் கொண்டாடிய லேண்ட் ரோவர் நிறுவனம், அந்த ஊரையும் வண்டிகளையும் படம்பிடித்து உலகுக்குப் பெருமையுடன் காட்டியது. அசல் எஞ்சின் எங்கே என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

அதே மாநிலத்தின் தலைநகரில் இன்று கேட்கப்படும் மாற்றம் வேறு வகையானது. விலை குறைந்த மாடல் வாங்கியவர், டாப் மாடலில் மட்டும் வரும் முன்புறப் பார்க்கிங் சென்சார்களையும், சுற்றிலும் காட்டும் கேமராவையும், தானாகப் பிரேக் பிடிக்கும் வசதியையும் பிற்பாடு பொருத்திக்கொள்ள விரும்புகிறார். கம்பெனி பொருத்தியதைப் போலவே வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. அதே பம்பர், அதே வயரிங், திரையில் அதே படம். சென்னைக்குப் புதுப்பேட்டை எப்படியோ கொல்கத்தாவுக்கு மல்லிக் பஜார் அப்படி. பார்க் தெருவும் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையும் சந்திக்கும் அந்தப் பகுதியில் உடைத்துப் பிரித்த வண்டிகளின் உறுப்புகள் வாங்கக் கிடைக்கும். பொருளைத் தேடிப் பிடிப்பது அங்கே கடினமில்லை. பொருத்திய பிறகு அது என்ன செய்யும் என்பதே கடினமான கேள்வி. பொறியியல் துறைகளும் சட்டத் துறைகளும் அக்கேள்வியை ஒன்றுக்கொன்று தள்ளிவிட்டு ஒதுங்கியிருப்பதுபோலத் தோன்றுகிறது.

மலைக்காட்டுக்கென்று செய்த வண்டிக்கு நகரத்தில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் வண்டிகள் ஏற்கெனவே வந்துவிட்டன. கொல்கத்தாவின் பரப்பில் சாலைக்குரிய பங்கு சுமார் 6 விழுக்காடுதான் என்பது நகரத் திட்டமிடல் விவாதங்களில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு. வட கொல்கத்தாவில் ஷோபாபஜார், பாக்பஜார் சந்துகளில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால் ஒன்று பின்வாங்கியே ஆக வேண்டும். உயரமான பானெட்டும், பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி டயரும் உள்ள வண்டியில் பின்வாங்குபவருக்கு இடுப்பளவு உயரத்துக்குக் கீழே பெரும்பாலும் எதுவும் தெரியாது. அங்கே நிற்பது தேநீர்க் கடையின் பெஞ்சாக இருக்கலாம், குழாயடிக் குழந்தையாகவும் இருக்கலாம்.

இந்த ஆபத்தைச் சட்டம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் பயணிகள் கார்களில் பின்புறப் பார்க்கிங் சென்சார் கட்டாயம். அமெரிக்காவில் பின்நோக்கி எடுக்கும் வண்டிகளால் ஆண்டுக்குச் சுமார் 210 பேர் இறப்பதாக அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டது. 2018 மே மாதத்திலிருந்து அங்கே பின்புறக் கேமராவே கட்டாயமாயிற்று. ஆனால் இந்திய விதி, தேதிக்குப் பின் விற்ற வண்டிக்கு மட்டுமே பொருந்தும். அதற்கு முன் வந்த தார்களும் ஜிப்சிகளும் குருட்டுத்தனத்தோடுதான் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் உரிமையாளர் தாமாக முன்வந்து சென்சார் பொருத்தினால் அது பாராட்டத்தக்க செயல். இதில் இரு கருத்துக்கு இடமில்லை.

சிக்கல் பொருத்தும் முறையில் தொடங்குகிறது. பார்க்கிங் சென்சார் என்பது ஒரு சிறு மீயொலிக் கருவி. மனிதக் காதுக்கு எட்டாத ஒலித்துடிப்பை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கும். ஒரு மீட்டர் தொலைவிலுள்ள பொருளிடமிருந்து எதிரொலி வர ஏறக்குறைய 6 மில்லிவினாடி ஆகும். துடிப்பை அனுப்பிய சவ்வு சிறிது நேரம் அதிர்ந்துகொண்டே இருப்பதால் அந்த நேரத்தில் அதற்குக் காது கேட்காது. ஆகவே மிக அருகிலுள்ள பொருள் தெரியாது. வெப்பநிலை மாறினால் ஒலியின் வேகமும் மாறும். மார்கழிக் குளிருக்கும் சித்திரை வெயிலுக்கும் இடையே ஏறத்தாழ 5 விழுக்காடு வேறுபாடு. இதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

பெரிதுபடுத்த வேண்டியவை வேறு. கம்பெனியின் சென்சார் அந்த வண்டியின் உடலை அறிந்து வைத்திருக்கிறது. ஸ்டெப்னி பம்பரைத் தாண்டி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதைக் கணக்கில் சேர்த்தே அது தூரத்தைச் சொல்லும். கடையில் வாங்கிய நான்கு கண் சென்சாருக்கு அந்த அறிவு கிடையாது. பம்பரிலிருந்து 40 சென்டிமீட்டர் இடம் இருப்பதாக அது சொல்லும்போது டயருக்கும் சுவருக்கும் இடையே அதில் பாதிதான் இருக்கக்கூடும். பிளாஸ்டிக் பம்பருக்கென்று செய்த சென்சாரை இரும்புப் பம்பரில் ரப்பர் வளையமின்றி இறுக்கினால் இரும்பின் அதிர்வையே அது எதிரொலியாக எடுத்துக்கொள்ளும். வண்டியை உயர்த்திக் கட்டினால் சென்சாரும் உயர்ந்து, தாழ்வான பொருளின் தலைக்கு மேலே பார்க்கத் தொடங்கும். ஆடி மழையில் தந்தனியாவிலும் ஆம்ஹர்ஸ்ட் தெருவிலும் தேங்கும் நீரைக் கடந்து வந்த வண்டியின் சவ்வுகளில் சேறு காய்ந்திருக்கும். ஒன்று ஓயாமல் கத்தும், அல்லது வாயே திறக்காது. ஓயாமல் கத்துவதை ஓட்டுநர் இரண்டாம் நாளே அணைத்துவிடுவார்.

இன்னொன்றும் உண்டு. மென்மையான துணி மீயொலியை உறிஞ்சிக்கொள்ளும். சுவர் போலத் திருப்பி அனுப்பாது. கொல்கத்தாவின் நடைபாதைகளில் குளிர்கால இரவுகளில் கம்பளி போர்த்தித் தரையோடு தரையாகப் படுத்திருப்பவர்களை எண்ணிப்பார்த்தால், இந்தக் கருவி யாருக்காகச் சோதிக்கப்பட்டது என்ற கேள்வி எழாமல் இருக்காது. சோதனைக் கூடங்களில் வழக்கமாக நிறுத்தப்படுவது நேராக நிற்கும் கம்பம்.

இவ்வளவு குறைகள் இருந்தும் கத்துகிற சென்சாரால் பெரும் தீங்கு விளையாது. முடிவெடுப்பவர் ஓட்டுநரே. தானாகப் பிரேக் பிடிக்கும் கருவியும் ஸ்டீயரிங்கைத் திருத்தும் கருவியும் அப்படியல்ல. இவ்விரண்டையும் ஒரே பெயரில், ‘கம்பெனி வசதியைப் பின்னர் சேர்த்தல்’ என்று சொல்வதுதான் இவ்விவகாரத்தின் அடிப்படைக் குழப்பம்.

கணக்கு எளியது. முன்னால் பொருத்திய ரேடார் 1 பாகை கோணம் பிசகினால் 50 மீட்டர் தொலைவில் அதன் பார்வை 87 சென்டிமீட்டர் விலகும். 100 மீட்டரில் ஒன்றே முக்கால் மீட்டர். அடுத்த தடத்தில் வரும் வண்டியைத் தன் தடத்தில் வருவதாக எண்ணி நடுச்சாலையில் பிரேக் பிடிக்க இது போதும். மலைப்பாதைப் பிரியர்கள் முதலில் செய்வதோ, முன்பக்கத்தை உயர்த்துவதும் பெரிய டயர் மாட்டுவதும். டயரின் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால், கணினி 60 கிலோமீட்டர் வேகம் என்று நம்பும்போது வண்டி 66இல் போய்க்கொண்டிருக்கும். நிற்க வேண்டிய தூரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். ரேடாருக்கு எதிரே வின்ச்சும் இரும்புக் குழாய்க் கம்பியும் கட்டியபின் அதற்குப் பார்வை ஏது? அத்தகைய முன்கம்பிகள் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு முரணானவை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. முன்கம்பியும் வேண்டும், மோதலைத் தடுக்கும் ரேடாரும் வேண்டும் என்பவர்களின் ஆசை வினோதமானது.

சந்தக்பு லேண்ட் ரோவரில் மாட்டிய எஞ்சின் சரியில்லை என்றால் அது புகை கக்கும், சத்தம் போடும். மானேபஞ்சங் மெக்கானிக் காதாலேயே பழுதைக் கண்டுகொள்வார். கோணம் பிசகிய ரேடார் சத்தமே போடாது. பல மாதங்கள் ஒழுங்காக இருப்பதாகவே தோற்றம் தரும்.

ஆக, உற்பத்தியாளர்கள் மென்பொருளைப் பூட்டி வைப்பது சரிதானா? பாதி சரி. 2015இல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரு ஆய்வாளர்கள் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கி ஒன்றைத் தொலைவிலிருந்தே இணையம் வழியாகக் கட்டுப்படுத்திக் காட்டினர். 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 1986இல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ‘கேன் பஸ்’ எனும் இரட்டைக் கம்பிப் பிணையத்தில் யார் பேசுகிறார் என்று கேட்கும் வழக்கமே இல்லை. கம்பியைத் தொட்டவர் எவரும் பேசலாம். அதன்பின் அந்நிறுவனம் தன் வண்டிகளில் வாயிற்காவல் போட்டதில் குற்றம் காண முடியாது. அந்தக் காவலுக்குப் பின்னே வியாபாரமும் ஒளிந்துகொள்கிறது என்பதே மறுபாதி. ஒரு வண்டியில் கண்ணும் வயரிங்கும் இருந்தும், அந்த மாடலுக்கு அனுமதி இல்லை என்று மென்பொருள் மறுக்குமானால் அங்கே காக்கப்படுவது பாதுகாப்பன்று, விலைப்பட்டியல்.

ஜிம்னியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை. ஐந்து கதவு ஜிம்னி குருகிராமில் தயாராகிறது. 2023 ஜூனில் இந்தியச் சந்தைக்கு அது வந்தபோது மோதலைத் தவிர்க்கத் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி அதில் இல்லை. 2025இல் அதே ஆலையிலிருந்து ‘நோமேட்’ என்ற பெயரில் ஜப்பானுக்குப் போன வண்டியில் இருந்தது. டோக்கியோவின் பாதசாரிக்குக் கிடைத்த காவல், வண்டி பிறந்த நாட்டின் பாதசாரிக்குக் கிடைக்கவில்லை. வாங்குபவர் கேட்கவில்லை, விலை ஏறும் என்பது வழக்கமான பதில். ஏர்பேக்குக்கு அந்தப் பதில் ஓரளவு பொருந்தும். அதன் பலன் உள்ளே இருப்பவருக்கு. பின்புற சென்சாரின் பலன் வெளியே நிற்பவருக்கு. அவர் ஷோரூமுக்குப் போகவில்லை, எந்த மாடலையும் தேர்ந்தெடுக்கவில்லை.

சட்டத்தில் கதவு முழுவதும் அடைபட்டிருக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் அதை இறுக்கமாகவே படித்தது. விதியை மீறிப் பாகம் பொருத்தும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஆனால் அப்பிரிவின் விளக்கத்தில் மாற்றம் என்பது வண்டியின் அடிப்படைத் தன்மையையே மாற்றும் கட்டமைப்பு மாற்றம். நான்கு துளையும் ஒரு பீப் ஒலியும் அடிப்படைத் தன்மையை மாற்றுவதாக யாரும் வாதிட முடியாது. மேலும் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டு முக்கியமான வாசகங்களைச் சேர்த்தது. மத்திய அரசு வகுக்கும் நிபந்தனைகளின்படி செய்யப்படும் பின்பொருத்தலால் உற்பத்தியாளரின் வாரண்டி செல்லாததாகிவிடாது என்பது ஒன்று. பாதுகாப்புக் கருவிகளைப் பின்பொருத்தும்படி உற்பத்தியாளருக்கே அரசு ஆணையிடலாம் என்பது மற்றொன்று. பழைய ஜிப்சிக்கும் தாருக்கும் பின்புற சென்சார் பொருத்த இந்த இரண்டாவது வாசகமே போதும். வண்டியின் உடலை அறிந்தவர் பொருத்துவார், பொறுப்பும் அவருடையதாகும்.

உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் வைத்திருந்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் நீண்டன. எனினும் அந்த ஆணையின் தர்க்கம் இங்கேயும் செல்லும். அது போகக்கூடிய எல்லையையும் சொல்ல வேண்டும். எச்சரிக்கும் கருவிக்கான பாகமும் மென்பொருள் அனுமதியும் எந்தப் பட்டறைக்கும் கிடைக்க வேண்டும். பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் தொடும் கருவிக்கு, அளவுதிருத்தும் பலகையும் சமதளமும் சான்றிதழும் உள்ள இடத்தில் மட்டுமே அனுமதி வேண்டும். உயர்த்திக் கட்டிய வண்டியில் மறு அளவுதிருத்தம் செய்யும் வரை அவ்வசதி தானாகவே அணைந்திருக்க வேண்டும். மல்லிக் பஜார் மெக்கானிக்கின் திறமையை இழிவுபடுத்தும் வாதம் அன்று இது. தேவையான தரவை அவருக்கு யாரும் தராத நிலையில் பழியை மட்டும் அவர் சுமக்க வேண்டியதில்லை.

பல்கலைக்கழகங்களின் பங்கு இங்குதான் வருகிறது. ஐதராபாத் ஐஐஐடி 2018இல் வெளியிட்ட இந்தியச் சாலைத் தரவுத்தொகுப்பு 34 வகைப்பாடுகளுடன் சுமார் 10,000 படங்களைக் கொண்டது; ஆட்டோரிக்ஷாவைத் தனி வகையாகக் கண்டது அதன் சிறப்பு. படங்கள் எடுக்கப்பட்டவை ஐதராபாத், பெங்களூரு சாலைகளில். கையால் இழுக்கும் ரிக்ஷாவும் டிராமும் உள்ள கொல்கத்தா அதில் இல்லை. ஜாதவ்பூரும் சிப்பூரும் கரக்பூரும் இந்த நகரத்துக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கின்றன. ஒரே வண்டியில் கம்பெனி சென்சாரையும் மல்லிக் பஜார் சென்சாரையும் அருகருகே பொருத்தி, ஆடி மழையில் ஒருமுறையும் மார்கழி இரவில் ஒருமுறையும், கம்பளி போர்த்திய பொம்மையைத் தரையில் கிடத்தி அளந்து பார்க்க ஒரு முதுகலை மாணவரின் இரண்டு பருவங்கள் போதும். வண்டியை 5 சென்டிமீட்டர் உயர்த்தி அதே அளவீட்டை மீண்டும் எடுக்கலாம். அந்த எண்கள் கையில் இருந்தால்தான், பெல்தலா மோட்டார் வாகன அலுவலகத்தில் எதை அனுமதிப்பது, எதை மறுப்பது என்று பேசத் தொடங்க முடியும்.