பூட்டுக்கு வருஷா வருஷம் வாடகையா?

பஞ்சாலைத் தொழிலாளர் சங்கம் ஒன்று சென்ற ஆண்டு ஓர் இணையதளம் அமைத்தது. தொழிலாளி தன் பெயர், டிக்கட் நம்பர், சம்பளப் பாக்கி, மேஸ்திரியின் அட்டூழியம் ஆகியவற்றைத் தன் போனிலிருந்தே எழுதிச் சங்கத்துக்கு அனுப்பலாம் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தளத்தை அமைத்துக் கொடுத்த ஏஜெண்டு நீட்டிய பில்லில் ஒரு வரி இருந்தது: “எஸ்.எஸ்.எல். சர்டிபிகேட், ஆண்டுக்கு ரூ.4,500.”

சங்கச் சந்தா ஆண்டுக்கு 60 ரூபாய். அதாவது 75 தொழிலாளிகளின் சந்தா இந்த ஒரு வரிக்கே போக வேண்டும்! இதைவிட மலிவாக எங்கே கிடைக்கும் என்று கமிட்டித் தோழர்கள் நம்மிடம் கேட்டார்கள்.

நாம் சொன்னோம்: சர்டிபிகேட் கட்டாயம் வேண்டும். அதற்கு ஒரு காசும் கொடுக்க வேண்டாம்.

ஏன் வேண்டும்? சர்டிபிகேட் இல்லாத தளத்துக்கு எழுதுவது தபால் கார்டில் எழுதுவது போல. வழியில் கையில் எடுத்தவனெல்லாம் படிக்கலாம், திருத்தியும் அனுப்பலாம். மில் விடுதியில் நிர்வாகம் கொடுத்திருக்கும் வை-பை மூலம் ஒரு பெண் தொழிலாளி புகார் எழுதினால், அந்த வை-பையின் சொந்தக்காரன் யார்? நிர்வாகம்தானே! சர்டிபிகேட் இருந்தால் கார்டு ஒட்டிய கவராகிவிடுகிறது. அவள் எந்தத் தளத்துக்குப் போனாள் என்பதை நிர்வாகம் அறியலாம். என்ன எழுதினாள் என்பதை அறிய முடியாது. இது சின்ன விஷயமல்ல, அவள் வேலையே இதில் இருக்கிறது. 2018 ஜூலை முதல் கூகுளின் குரோம் பிரவுசர், சர்டிபிகேட் இல்லாத தளங்களைப் பாதுகாப்பற்றவை என்று பகிரங்கமாகவே அறிவிக்கத் தொடங்கியது.

சரி, 4,500 ரூபாய்க்கு அந்தக் கம்பெனி என்னதான் செய்கிறது? பூட்டைச் செய்கிறதா? இல்லை. சாவியைச் செய்கிறதா? அதுவும் இல்லை! சாவி சங்கத்தின் சர்வரிலேயே உண்டாகிறது. எழுத்தை ரகசியமாக மாற்றும் வேலையைச் செய்வது அந்த சர்வரும் தொழிலாளியின் போனும். கம்பெனி போடுவது ஒரு கையெழுத்து. “இந்தப் பெயருள்ள தளத்தின் சாவி இதுதான்” என்ற சாட்சிக் கையெழுத்து. சாதாரண சர்டிபிகேட்டில் அதையும் மனிதன் போடுவதில்லை. யந்திரம் சில நிமிஷங்களில் சோதித்துப் போட்டுவிடுகிறது. இதற்குத்தான் வருஷா வருஷம் வாடகை!

இந்த வாடகையில் வளர்ந்த சொத்தைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய தாட் என்ற சர்டிபிகேட் கம்பெனியை 1999-ல் அமெரிக்காவின் வெரிசைன் வாங்க முன்வந்த விலை 57½ கோடி டாலர். வெரிசைன் தன் சர்டிபிகேட் வியாபாரத்தை 2010-ல் சிமாண்டெக்குக்கு விற்றது, சுமார் 128 கோடி டாலருக்கு.

2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கமற்ற ஸ்தாபனம் இதே கையெழுத்தை எல்லோருக்கும் இலவசமாகப் போட்டுக் கொடுக்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரிக்குள் அது கொடுத்த சர்டிபிகேட்டுகள் நூறு கோடி! கிளைத் தளங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சர்டிபிகேட்டும் 2018 முதல் இலவசம்.

“இலவசப் பூட்டு பலவீனமானது” என்கிறார் ஏஜெண்டு. அப்பட்டமான பொய்! பூட்டின் பலத்துக்கும் கையெழுத்தின் விலைக்கும் சம்பந்தமே இல்லை. “லட்சக்கணக்கான டாலர் உத்தரவாதம் உண்டு” என்கிறார். அந்த உத்தரவாதம் கம்பெனி தவறாகக் கையெழுத்துப் போட்டு அதனால் ஒருவர் நஷ்டப்பட்டால் மட்டும்தான். உங்கள் தளத்தில் திருடன் புகுந்தால் அல்ல. “கம்பெனி பெயர் பச்சையாகத் தெரியும்” என்கிறார். குரோமும் பயர்பாக்ஸும் 2019-லேயே அந்தப் பெயரை முகவரிப் பட்டையிலிருந்து எடுத்துவிட்டன. ஐயா இன்னும் பழைய நோட்டீஸையே படித்துக் கொண்டிருக்கிறார்!

விலை கூடினால் நம்பிக்கை கூடுமா? ஹாலந்து நாட்டின் டிஜிநோட்டார் கம்பெனிக்குள் 2011-ல் புகுந்தவர்கள் 500-க்கு மேற்பட்ட பொய்ச் சர்டிபிகேட்டுகளைத் தயாரித்தார்கள். அவற்றில் ஒன்றைக் கொண்டு ஈரான் மக்களின் ஜிமெயில் கடிதங்கள் உளவு பார்க்கப்பட்டன. கம்பெனி திவாலாயிற்று. 128 கோடி டாலர் கொடுத்து வாங்கிய சிமாண்டெக்? ஒழுங்கீனமாகச் சர்டிபிகேட் கொடுத்தது என்று அதன் பழைய கையெழுத்துகளையே 2018-ல் குரோம் ஏற்க மறுத்துவிட்டது. இலவச ஸ்தாபனமும் தவறு செய்யாமலில்லை. 2020 மார்ச்சில் தன் புரோகிராமில் பிழை கண்டு சுமார் 30 லட்சம் சர்டிபிகேட்டுகளைத் தவறானவை என்று தானே அறிவித்தது.

இலவச சர்டிபிகேட்டின் ஆயுள் 90 நாள் என்பது நிஜம். ஆனால் புதுப்பிக்கும் வேலையை சர்வரே தானாகச் செய்யும்படி ஒரு முறை ஏற்பாடு செய்தால் போதும். அது சரியாக நடக்கிறதா என்று மாதம் ஒரு முறை ஒரு தோழர் பார்த்துக்கொள்ள வேண்டும். காலாவதியை நினைவூட்டும் கடிதங்களை அந்த ஸ்தாபனம் 2025-ல் நிறுத்திவிட்டது. விலைக்கு வாங்குவதும் நீடிக்கப் போவதில்லை. 2025 ஏப்ரலில் கம்பெனிகளும் பிரவுசர்காரர்களும் சேர்ந்து எடுத்த முடிவின்படி, எந்த சர்டிபிகேட்டுக்கும் உச்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள்; 2029 மார்ச் 15 முதல் 47 நாள்தான். “மூன்று வருஷ பாக்கேஜ்” வாங்கினாலும் நடுவில் மாற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

“இலவச ஸ்தாபனத்துக்கும் அமெரிக்கக் கம்பெனிகள்தானே பணம் கொடுக்கின்றன?” என்று ஒரு தோழர் கேட்டார். ஆம். தர்மத்துக்காகவா கொடுக்கின்றன? ஜனங்கள் பயமின்றி இணையத்தில் நடமாடினால்தான் அவர்கள் வியாபாரம் நடக்கும். ரோடு நன்றாயிருந்தால் லாரி முதலாளிக்கும் லாபம்; அதற்காக நாம் ரோட்டில் நடக்காமல் இருப்போமா? ஒரே ஸ்தாபனத்தை உலகம் நம்பியிருப்பதில் ஆபத்து உண்டுதான். ஆனால் இந்த முறை 2019-ல் பொது விதியாகவே வெளியிடப்பட்டுவிட்டது. இலவசமாகக் கொடுப்போர் வேறு சிலரும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. மோசடிக்காரனும் இதே சர்டிபிகேட்டை வாங்கலாம். “உங்கள் பி.எஃப். பணம் வந்திருக்கிறது” என்று வரும் பொய்த் தளத்திலும் பூட்டு இருக்கும். கவர் ஒட்டியிருக்கிறது என்பதற்குத்தான் அது சாட்சி, எதிரிலிருப்பவன் யோக்கியன் என்பதற்கல்ல. முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

இனி அந்த ஏஜெண்டின் பில். தளம் அப்போதே மூன்று வாரமாக ஓடிக்கொண்டிருந்தது. பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்திலுள்ள குறியைத் தொட்டு, சர்டிபிகேட் விவரத்தைத் திறந்து பார்த்தோம். வழங்கியவர் பெயர் என்ன தெரியுமா? லெட்ஸ் என்கிரிப்ட்! இலவசமாக எடுத்து மாட்டிவிட்டு 4,500 ரூபாய் கேட்டிருக்கிறார் மகானுபாவர்! மாட்டிய உழைப்புக்குக் கூலி கொடுக்க யாரும் மறுக்கவில்லை. அதைக் கூலி என்று எழுதட்டும். கமிட்டித் தோழர்கள் பில்லைத் திருப்பி அனுப்பினார்கள். நாலாம் நாள் அந்த வரி அடிக்கப்பட்டு, “அமைப்புக் கூலி ரூ.300” என்று புது பில் வந்தது. அதைக் கொடுத்தார்கள்.