முதலில் கண், பிறகு கட்டைவிரல்

பழைய பிளாட்ஃபார்மர் ஒன்றைக் கையடக்கக் கருவிக்குப் போர்ட் செய்து, சோதனைக்கு யார் கையிலாவது கொடுக்கிறோம். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, “கண்ட்ரோல் என்னவோ சரியில்லை” என்கிறார். நாம் என்ன செய்கிறோம்? பட்டன் அமைப்பைத் திறந்து எதையாவது இடம் மாற்றிவிட்டு மறுபடி கொடுக்கிறோம். அவரும் மறுபடி அதையேதான் சொல்கிறார். இந்த இதழுக்கு வந்த போர்ட் அறிக்கைகள் பலவற்றில் இதே கதை. பட்டன் அட்டவணை மட்டும் மூன்று பக்கம், திரையைப் பற்றி இரண்டு வரி. அந்த விகிதம் தலைகீழாக இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

பட்டன்மேல் பழி போடவே முடியாத ஆட்டம் ஒன்று உண்டு. 1991இல் மெகா டிரைவுக்கு வந்த ‘சோனிக் த ஹெட்ஜ்ஹாக்’. அந்தக் கருவியின் பேடில் ஏ, பி, சி என்று மூன்று பட்டன்கள் இருந்தன, மூன்றும் தாவுவதற்குத்தான். ஒரு டி-பேட், ஒரு கட்டைவிரல், முடிந்தது கதை. இதைவிட எளிதாக இடம் மாற்றக்கூடிய கட்டுப்பாடு இருக்க முடியாது. 2006இல், சோனிக்கின் பதினைந்தாம் ஆண்டையொட்டி, அது கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்தது. கருவியில் தேவைக்கு மேலேயே பட்டன்கள். வந்த ஆட்டமோ இன்றும் மோசமான போர்ட்டுக்கு உதாரணமாகச் சொல்லப்படுகிறது. ஃபிரேம்கள் விட்டுவிட்டு ஓடின. வேகம் கூடுவதும் சரிவில் உருள்வதும் மூல ஆட்டத்தைப் போல இல்லை. 320 பிக்சல் அகலத்துக்கு வரையப்பட்ட உலகம் 240க்கு வெட்டப்பட்டிருந்தது. கருவிக்குச் சக்தி போதவில்லை என்ற சமாதானமும் நிற்கவில்லை. சைமன் தாம்லி என்ற ரசிகர் அதே கருவியில் அதே ஆட்டத்தை ஒழுங்காக ஓட வைக்க முடியும் என்று தானே ஒரு மாதிரி செய்து காட்டினார். பின்னாளில் ‘சோனிக் மேனியா’வை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர்.

ஃபிரேம் குறைபாட்டையும் இயக்கக் கணக்கையும் சரிசெய்துவிட்டால் போதுமா? அதற்குப் பிறகும் ஒன்று மிஞ்சும், அது வெட்டப்பட்ட அகலம். இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

சோனிக் சமதளத்தில் தன் காலாலேயே எட்டும் உச்ச வேகம் ஃபிரேமுக்கு 6 பிக்சல். திரையின் நடுவில் அவன் ஓடுகிறான் என்று வைத்துக்கொண்டால், மெகா டிரைவில் அவனுக்கு முன்னே 160 பிக்சல் தெரியும். விளிம்பில் தலைகாட்டும் முள் அவனை வந்தடைய ஏறக்குறைய 27 ஃபிரேம் ஆகும். கேம்பாய் அட்வான்ஸில் முன்னே தெரிவது 120 பிக்சல், அதாவது 20 ஃபிரேம். ஏழுதானே குறைகிறது என்று தோன்றலாம். கண் ஒன்றைக் கண்டு விரல் அசைய மனிதருக்குக் கால் நொடி போல ஆகிறது. அது 15 ஃபிரேம். அதைக் கழித்துவிட்டால், யோசிக்க மெகா டிரைவில் 12 ஃபிரேம் மிஞ்சுகிறது, இங்கே 5. தாவலாமா, குனிந்து உருளலாமா, நின்றுவிடலாமா என்று முடிவெடுக்கும் நேரம் பாதிக்கும் கீழே போய்விட்டது. ஆடுபவருக்கு இந்தக் கணக்கு தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. தான் அழுத்தியதைச் சோனிக் கேட்கவில்லை என்றுதான் அவருக்குத் தோன்றுகிறது. “கண்ட்ரோல் சரியில்லை” என்ற சொல்லுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான்.

மாரியோவுக்கு இந்த விஷயத்தில் யோகம். ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ 1985இல் ஃபாமிகாமுக்கு வந்தபோது திரை அகலம் 256 பிக்சல், அவர் ஓடும் உச்ச வேகம் ஃபிரேமுக்கு இரண்டரை. நடுவில் நின்றால் முன்னே 51 ஃபிரேம். 1999இல் கேம்பாய் கலருக்கு ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் டீலக்ஸ்’ என்று வந்தபோது திரை 160க்கு 144. உருவத்தையும் செங்கல்லையும் சிறிதாக்காமல் சன்னலை மட்டும் சிறிதாக்கினார்கள். 51 ஃபிரேம் 32 ஆனது. குறைவுதான், ஆனால் கால் நொடியைக் கழித்த பிறகும் 17 மிஞ்சுகிறது. அதனால்தான் டீலக்ஸில் கிடைமட்டம் பெரிய சிக்கலாகத் தெரிவதில்லை. அடி விழுந்தது உயரத்தில். மூல ஆட்டத்தில் கட்டத்தின் மொத்த உயரமும் ஒரே திரைக்குள் அடங்கும். மேலே இருக்கும் மேடையும் கீழே இருக்கும் பள்ளமும் ஒரே பார்வையில் தெரியும். டீலக்ஸில் மேலும் கீழும் எட்டிப் பார்க்கத் திசைப் பட்டனையே அழுத்த வேண்டியிருந்தது. ஓடிக்கொண்டே எட்டிப் பார்க்க முடியுமா? நின்றுதான் பார்க்க வேண்டும். நிற்காமல் ஓடுவதற்காகச் செய்த ஆட்டத்தில் அது சின்னத் தண்டனைதான், ஆனாலும் தண்டனை.

இதைவிடக் கொடுமை கேம் கியரில் வந்த ‘சோனிக் 2’ (1992). அதே ஆட்டம் மாஸ்டர் சிஸ்டத்தில் 256 பிக்சல் அகலத்தில் ஓடியது, கேம் கியரில் 160இல். முதல் மண்டலத்தின் இறுதியில் சரிவில் நின்றுகொண்டு, துள்ளி வரும் குண்டுகளிலிருந்து தப்பிக்க வேண்டும். தொலைக்காட்சியில் குண்டு எங்கே துள்ளி எங்கே இறங்கும் என்று பார்த்து ஒதுங்கலாம். கையடக்கக் கருவியில் குண்டு கண்ணில் படுவதற்கும் தலையில் விழுவதற்கும் நடுவே மூச்சு விட நேரமில்லை. முதல் மண்டலத்தைத் தாண்டாமலே கேசட்டைத் தூக்கி வைத்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் விரலைத்தான் திட்டியிருப்பார்கள்.

தொலைக்காட்சிக்கும் கையடக்கத் திரைக்கும் உள்ள வித்தியாசத்தை முதல் கேம்பாயிலேயே புரிந்துகொண்டவர்களும் இருந்தார்கள். டி-பேடை உருவாக்கிய குன்பெய் யோகோயின் குழுவே 1989இல் ‘சூப்பர் மாரியோ லேண்ட்’ செய்தது. அதில் மாரியோ கடுகு போல இருக்கிறார், பின்னணி பெரும்பாலும் வெறுமை. அழகுணர்ச்சிக் குறைவு என்று அப்போது சிலர் நினைத்திருக்கலாம். ஆனால் அந்தக் கருவியின் திரவப் படிகத் திரை மெதுவாகத்தான் நிறம் மாறும். நகரும் எதுவும் பின்னால் கறை போல இழுபடும். வெறுமையான பின்னணியில் சிறிய கறுப்பு உருவம் ஒன்று நகர்ந்தால் அந்தக் கறை அவ்வளவாகக் கண்ணை உறுத்தாது. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த ‘டாங்கி காங் லேண்ட்’ இதற்கு நேர் எதிர். சூப்பர் நிண்டெண்டோவில் பளபளத்த கணினி வரைகலையை நான்கு சாம்பல் நிறங்களுக்குள் திணித்தார்கள். குரங்கு எது, கொடி எது, குழி எது என்று கண் தேடுவதற்குள் விரல் காத்திருந்து அலுத்துவிடும்.  

இனி கைக்கு வருவோம். பட்டனைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை.

தொண்ணூறுகளில் நம்மூர்க் கடைகளில் கிடைத்த ‘டிவி கேம்’ பெட்டிகளில் கேசட் செருகி மாரியோ ஆடியவர்களின் கட்டைவிரலைக் கேட்டால் சொல்லும். விரல் நுனி பி பட்டனை அழுத்திக்கொண்டே இருக்கும், ஓட. அதே விரலின் கணு ஏ-மேல் சாய்ந்து எழும், தாவ. இரண்டு பட்டன், ஒரே விரல், ஒரு உருட்டல். (அந்த நகல் பெட்டிகளில் மேலே இரண்டு டர்போ பட்டன்கள் கூடுதலாக இருக்கும், மாரியோவை டர்போவில் தாவவைத்து வீணாக்கியவர்களில் நானும் ஒருவன்.) இன்றைய கையடக்கக் கருவிகளில் நான்கு பட்டன்கள் வைர வடிவில் இருக்கின்றன. எமுலேட்டர்கள் பலவும் பெயரைப் பார்த்து ஏ-வை ஏ-க்கும், பி-யைப் பி-க்கும் இணைத்துவிடுகின்றன. பெயர் பொருந்துகிறது, உருட்டல் பொருந்துவதில்லை. இடது பட்டனில் ஓட்டமும் கீழ்ப் பட்டனில் தாவலும் என்று, சூப்பர் நிண்டெண்டோ செய்தது போல, வைத்துப் பாருங்கள். விரல் தானாக வீட்டுக்குப் போய்விடும்.

‘சூப்பர் மாரியோ வேர்ல்ட்’ கேம்பாய் அட்வான்ஸுக்குப் போனபோது இரண்டு முகப்புப் பட்டன்கள் குறைந்தன. சுழல் தாவல் வலது தோள் பட்டனுக்குப் போனது. அன்று இதைக் குறையாகச் சொன்னவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மூலத்தில் ஓட்டத்தைப் பிடித்தபடி சுழல வேண்டுமென்றால் கட்டைவிரல் வளைந்து நெளிய வேண்டும். இங்கே கட்டைவிரல் ஓட, ஆள்காட்டி விரல் சுழற்றுகிறது. அகலத்திலும் பெரிதாக இழப்பில்லை, 256க்கு 240. போனது மறுபடியும் உயரம்தான், 224இலிருந்து 160.

பட்டனே உண்மையில் தோற்ற இடம் ஒன்று உண்டு. 2004இல் டி.எஸ். வெளிவந்தபோது கூடவே வந்த ‘சூப்பர் மாரியோ 64 டி.எஸ்.’ மூல ஆட்டத்தின் உயிர் அனலாக் குச்சியில் இருந்தது. லேசாகச் சாய்த்தால் பூனைநடை, இன்னும் சாய்த்தால் நடை, முழுதும் சாய்த்தால் ஓட்டம். டி.எஸ்-ஸில் குச்சியே இல்லை. எட்டுத் திசை டி-பேட், ஓட ஒரு பட்டன். இல்லாவிட்டால், பட்டையில் கோத்த ஒரு சின்னக் குமிழைக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு தொடுதிரையையே குச்சியாகப் பாவிக்க வேண்டும். குறுகிய மரப்பலகையில் நடக்கும்போது எட்டுத் திசை போதாது. பலகை ஒன்பதாவது திசையில் போகும். பிறகு வந்த 3டி.எஸ்-ஸில் வட்டக் குச்சி இருந்தும் இந்த ஆட்டத்துக்குப் பயனில்லை. விரல் என்னவோ குச்சியில்தான் இருக்கும், ஆட்டத்துக்குக் கேட்பது டி-பேடின் எட்டுச் சொல் மட்டும்.

எதிர்ப்பக்கத்து உதாரணத்தையும் மறைக்கக் கூடாது. 2013இல் கிறிஸ்டியன் வைட்ஹெட்டும் அதே தாம்லியும் சேர்ந்து சோனிக்கைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தார்கள். அகலத் திரைக்கு உலகத்தை விரித்தார்கள், மூல ஆட்டத்தில் தெரிந்ததைவிட முன்னே தெரிந்தது. மேலே போட்ட கணக்குப்படி அதுதான் மிகச் சிறந்த சோனிக்காக இருக்க வேண்டும். ஆனால் தொடுதிரைக் கண்ணாடியில் பட்டனின் ஓரம் விரலுக்குத் தட்டுப்படுவதில்லை. ஓடும் வேகத்தில் கட்டைவிரல் மெல்ல நகர்ந்து, எங்கோ வெறும் இடத்தை அழுத்திக்கொண்டிருக்கும். கண் ஜெயித்து விரல் தோற்ற இடம் அது. கூடவே ஒரு பேடை இணைத்துப் பாருங்கள், அந்தப் போர்ட் எவ்வளவு நல்லது என்று உடனே விளங்கும். கேம்பாய் அட்வான்ஸ் சோனிக்குக்கு அப்படி எந்த வைத்தியமும் இல்லை.

இன்றைய கருவிகளில் மூன்றாவது தலைவலி தாமதம். பழைய தொலைக்காட்சிக் குழாய், சிக்னல் வர வர வரைந்துகொண்டே போகும். இன்றைய கையடக்கக் கருவியில் அழுத்தியது எமுலேட்டருக்குப் போய், இயங்குதளத்தின் வரிசையில் நின்று, திரைக்கு வந்து சேர இரண்டு மூன்று ஃபிரேம் எளிதாகச் சேர்ந்துவிடுகிறது. மூன்று ஃபிரேம் தாமதம் மாரியோவுக்கு ஏழரை பிக்சல், அரைச் செங்கல் தூரம். சோனிக்குக்கு 18 பிக்சல். விளிம்பில் தாவுபவருக்கு இதுவே சாவு. 2018இல் ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டர் மென்பொருளில் வந்த ‘ரன்-அஹெட்’ வசதி இந்தத் தாமதக் கடனில் ஒரு பகுதியை அடைக்கிறது, ஆனால் செயலிக்கு வேலை கூடும், பேட்டரி குறையும். அதே ஆண்டு வந்த ‘செலஸ்டே’ என்ற பிளாட்ஃபார்மர், மேடை விளிம்பைத் தாண்டிய பிறகும் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தாவலை ஏற்கிறது. பழைய ஆட்டங்களில் இந்தச் சலுகையைப் புகுத்தலாமா என்று கேட்டு ஒரு வாசகர் எழுதியிருந்தார். என் பதில்: கேமராவை முதலில் தொடுங்கள், தாமதத்தை அடுத்து, இயக்கக் கணக்கைக் கடைசியில். மாரியோவின் தாவல் உயரத்தை மாற்றினால் அது வேறு ஆட்டம், கட்டத்தையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

இன்னொரு சின்ன விஷயம், குச்சி பற்றி. ஸ்விட்சின் இடது ஜாய்-கானில் டி-பேடுக்குப் பதில் நான்கு தனிப் பட்டன்கள் இருப்பதால் பலர் 2டி ஆட்டங்களையும் குச்சியில் ஆடுகிறார்கள். ‘மெகா மேன் 3’இல் கீழ்த்திசையோடு தாவல் பட்டனை அழுத்தினால் சறுக்கல். குச்சி சற்றே கீழே சாய்ந்திருந்தால் தாவ நினைத்தவர் சறுக்கிப் பள்ளத்தில் விழுவார். கீழ்த்திசைக்கான கோணத்தை மட்டும் குறுக்கிவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. 2019இல் வந்த ஸ்விட்ச் லைட்டில் உண்மையான டி-பேட் இருக்கிறது. அதை வைத்து மட்டும் சோதித்துவிட்டு வெளியிடாதீர்கள்.

அடுத்த இதழிலிருந்து போர்ட் அறிக்கை அனுப்புகிறவர்கள் பட்டன் அட்டவணைக்கு முன்னால் மூன்று எண்கள் தர வேண்டும்: கதாபாத்திரம் உச்ச வேகத்தில் ஓடும்போது திரை விளிம்பு எத்தனை ஃபிரேம் தூரத்தில் இருக்கிறது, மூலக் கருவியில் அது எத்தனை, பட்டனை அழுத்தியதிலிருந்து திரையில் அசைவு தெரிய எத்தனை ஃபிரேம் ஆகிறது. கடைசி எண்ணை மேசைக் கணினியில் அளக்காதீர்கள். உண்மையான கருவியைக் கையில் பிடித்து, விரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி கைப்பேசியின் ஸ்லோ-மோஷனில் எடுத்து எண்ணுங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அறிக்கையைத் திருப்பி அனுப்புவோம்.