வெளிநாட்டு விதையும் நம் கரைத் தேங்காயும்

மேனாட்டார் சத்துணவென்று கொண்டாடும் கஞ்சாச் செடியின் விதையிலே நூற்றுக்கு ஏறத்தாழ 30 பங்கு எண்ணெயும் 25 பங்கு புரதமும் உண்டென்பதும், அவ்வெண்ணெயிற் பாதிக்கு மேற்பட்டது லினோலெயிக் அமிலமாகவும் ஆறிலொரு பங்களவு ஒமேகா 3 கொழுப்பமிலமாகவும் அமைந்திருப்பதும், மயக்கந் தரும் வஸ்து விதைக்குள் அநேகமாக இல்லையென்பதும் சாஸ்திர ரீதியாக நிரூபணமான உண்மைகளே. இமயச் சாரலின் குமாவோன் மக்கள் அவ்விதையை வறுத்தரைத்துத் துவையலாக நெடுங்காலம் உண்டு வந்திருக்க, இந்திய அரசு 2021இல்தான் அதனை உணவாக அங்கீகரித்தது; அரசாங்கங்களின் ஞானோதயம் எப்பொழுதும் அடுக்களைக்குப் பிந்தியே வருகிறது.

ஆயினும், சாதாரண விவசாயி அச்செடியைப் பயிரிடச் சட்டம் இடந்தராத இலங்கையிலே, புத்தளம் மாவட்டத்துக் கடற்கரைவாசி அவ்விதைக்காக ஏங்க வேண்டுவதில்லை என்பதே என் அபிப்பிராயம்.

1929இல் தென்னை ஆராய்ச்சி ஆரம்பமான லுணுவில நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. பச்சைத் தேங்காயின் பருப்பில் மூன்றிலொரு பங்காயிருக்கும் எண்ணெய், அது கொப்பராவாக உலர்ந்தபின் நூற்றுக்கு 60க்கு மேற்படுகிறது. செக்கில் எஞ்சும் பிண்ணாக்கோ ஏறத்தாழ 20 பங்கு புரதத்துடன் மாட்டுக்குத் தீனியாகிறது. ஆனால் அவ்வெண்ணெயில் நூற்றுக்கு 90 பங்கு நிரம்பிய கொழுப்பு. ஒமேகா 3 அநேகமாக இல்லை. சூரியகாந்தி எண்ணெயைவிட அது இரத்தத்தின் தீய கொலஸ்திரோலை அதிகம் உயர்த்துகிறதென்பதை, அதனைச் சர்வரோக நிவாரணியென்று விளம்பரஞ் செய்வோர் மறைக்கலாகாது. அதற்காக, தலைமுறை தலைமுறையாகச் சொதியிலும் சம்பலிலும் நாம் உண்ட தேங்காயை விஷமென்று தூற்றுவதும் அநியாயமே.

தேங்காயின் குறையைக் கடல் நிவிர்த்தி செய்கிறது. கற்பிட்டி முதல் சிலாபம் வரை கரையேறும் சாளையிலும் சூடையிலும் உள்ள ஒமேகா 3, தாவர விதையிலுள்ளதைப்போல் உடலுக்குள் உருமாற வேண்டிய அவசியமின்றி, நேரடியாகவே பயன்படும் வடிவில் இருக்கிறது. தேங்காய்ப்பாலில் மீனை இட்டுச் சமைத்த நம் முன்னோர் இரசாயனம் படித்தவரல்லர். எனினும் இரண்டும் ஒரே சட்டியிற் சேர்ந்தன.

நாம் அஞ்ச வேண்டியது வேறொன்று. சரியாக உலராத கொப்பராவிற் பூஞ்சணம் பற்றி அஃபிளடொக்சின் என்னும் நச்சுப்பொருள் உண்டாகும். 2021இல் இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அந்நஞ்சு காணப்பட்டு, நாடே கலவரமுற்றது நினைவிருக்கும். ஆதலால் சுகாதார அதிகாரிகள் சில்லறையாக அளந்து விற்கும் எண்ணெயை இடைவிடாது பரிசோதிக்கட்டும்; இல்லத்தரசிகள் பொரியலைக் குறைத்து, கிழமைக்கு இருமுறையேனும் சூடை வாங்கி ஆக்கட்டும்.