வாளுக்கேற்ற அச்சு

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் வாக்கு. தேருக்குச் சொன்ன அம்மொழி, வீட்டுப் பட்டறையில் உலோகம் அறுக்கும் சிறிய வாளுக்கும் பொருந்தும் என்பதை இவ்வாரம் எடுத்துரைக்க விழைகின்றோம்.

உலோகத்தில் மெல்லிய பிளவு இடுவதற்கென ஒரு வட்டவாள் உண்டு. பட்டறைகளில் அதனை 'ஸ்லிட்டிங் சோ' என வழங்குவர். விளிம்பெங்கும் நுண்ணிய பற்கள். நடுவில் ஒரு துளை. தடிப்போ ஒன்றிரண்டு மில்லிமீற்றர். திருகின் தலையிற் காடி இடவும், அச்சைக் கவ்வும் வளையத்தை ஒரு பக்கம் பிளக்கவும் இதுவே ஏற்ற கருவி. ஆயினும் வாள் தானாக நில்லாது. அதனைத் தாங்கி மில்லிங் பொறியுடன் இணைப்பதற்கு 'ஆர்பர்' எனப்படும் அச்சு ஒன்று வேண்டும்.

அச்சின் அருமையை அறியக் கண்டிச் சீமையினும் சிறந்த இடம் வேறில்லை. 1854 ஆம் ஆண்டில் ஜோன் வோக்கர் கண்டியில் தம் பொறியியல் நிறுவனத்தைத் தொடங்கியபோது மலைநாடெங்கும் கோப்பித் தோட்டங்களே இருந்தன. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். 1872 இல் இலை சுருட்டும் பொறி ஒன்றையும் அமைத்தார். பிற்காலத் தொழிற்சாலைகளில் ஒரே எஞ்சினின் வலுவை நீண்டதோர் அச்சு ஏந்திச் செல்ல, அதிற் பூட்டிய கப்பிகள் பட்டிகளால் பொறிகளை இயக்கின. கப்பியின் துளை அச்சுக்கு இசையாவிடின் பட்டி துள்ளும், தாங்கி தேயும். 1925 இல் எழுந்த ஹந்தானைத் தொழிற்சாலை 2001 முதல் தேயிலை அருங்காட்சியகமாக விளங்குகின்றது. மாணவர்கள் அங்கே சென்று பழைய பொறிகளைக் கண்ணாரக் காணலாம்.

அக்காலக் கருவிகள் இங்கிலாந்தின் அங்குல அளவின. இன்று கடையிற் கிடைப்பவை பெரும்பாலும் மில்லிமீற்றர் அளவின. இங்கேதான் இடர் பிறக்கின்றது. பழைய வாளின் துளை 7/8 அங்குலம், அதாவது 22.225 மில்லிமீற்றர். புதிய அச்சின் விட்டம் 22 மில்லிமீற்றர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. வாளும் எளிதிற் புகும். ஆனால், இடைவெளி 0.225 மில்லிமீற்றர். வாள் ஒரு பக்கம் சாய்ந்து இறுகினால், அதன் மையம் 0.11 மில்லிமீற்றருக்கு மேல் விலகிவிடும். ஒவ்வொரு பல்லும் சீவ வேண்டியதோ 0.02 மில்லிமீற்றர் அளவே! ஆகவே ஒரு பக்கத்துப் பற்கள் அளவுக்கு மிஞ்சிக் கடிக்க, எதிர்ப்பக்கத்துப் பற்கள் வெறுமனே உராயும். சுற்றுக்கொரு முறை 'சரக்' என்னும் ஓசை எழும். இறுதியில் வாள் முறியும்.

முறிந்த வாளுக்கு மாற்று வாங்குவதும் எளிதன்று. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டையும், 2022 இன் அந்நியச் செலாவணி நெருக்கடியையும் கண்ட நம் நாட்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. வாளைத் துளைக்கேற்ற அச்சிற் பூட்டுவோர் அதனை நெடுநாள் காப்பர். அவ்வச்சைக் கடைசற்பொறி உள்ள எவரும் தாமே செய்துகொள்ளலாம்.

செய்முறை இது. முதலில் வாளின் துளையை அளந்து குறித்துக்கொள்க. மெல்லுருக்குத் தண்டு ஒன்றின் இரு முனைகளிலும் மையக்குழி இட்டு, லேத்தின் இரு மையங்களுக்கிடையே நிறுத்துக. பொறி பற்றும் காம்பையும், வாள் அமரும் இருப்பையும் இம்மையங்களிலேயே கடைதல் வேண்டும். முனை மாற்றி நிறுத்தினாலும் மையக்கோடு மாறாது என்பதே இம்முறையின் சிறப்பு. இருப்பின் விட்டத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, வாள் கைவிரலால் தள்ளப் புகவும், புகுந்தபின் ஆடாதிருக்கவும் செய்க. 'இன்னும் ஒரு சீவல்' என்னும் அவசரமே பலருடைய உழைப்பைப் பாழாக்குவது.

இருப்பின் உயரம் வாளின் தடிப்பினும் சற்றுக் குறைந்திருத்தல் வேண்டும். 1.5 மில்லிமீற்றர் வாளுக்கு 1 மில்லிமீற்றர் போதும். அன்றேல் மேல்மூடி இருப்பிலே முட்டி, வாளை இறுக்காது விட்டுவிடும். மூடியின் நடுப்பகுதியை இம்மியளவு குழித்தால் அதன் விளிம்பு வாளை நன்கு கவ்வும். 80 மில்லிமீற்றர் வாளுக்கு 40 மில்லிமீற்றர் மூடி இட்டால், வெட்டுவதற்கு 20 மில்லிமீற்றர் ஆழம் எஞ்சும்.

திருகின் திசையையும் கவனிக்க. மேலிருந்து நோக்க வலஞ்சுழியாய்ச் சுழலும் நிலைக்குத்துப் பொறியில், கீழே பூட்டிய வழக்கமான வலப்புரித் திருகு வெட்டும் விசையால் மேலும் இறுகும். வாளைப் புரட்டிப் பொறியை எதிர்த்திசையில் ஓட்டினால் அதே விசை திருகைத் தளர்த்திவிடும்.

வேகத்தை மாணவர்களே கணித்துப் பார்க்கலாம். 80 மில்லிமீற்றர் வாளின் சுற்றளவு ஏறத்தாழ கால் மீற்றர். அதிவேக உருக்கால் ஆன வாள் மெல்லுருக்கை வெட்டும்போது பல்லின் வேகம் நிமிடத்துக்கு 25 மீற்றர் எனக் கொண்டால், வேண்டிய சுற்றுக்கள் நிமிடத்துக்கு 100. துளைபோடும் வேகத்திற் பழகிய கைக்கு இது மந்தமாகத் தோன்றும். எனினும் இவ்வேகமே வாளுக்கு நலம்.

பாதுகாப்பைப் பெற்றோர் மறத்தலாகாது. கண்ணாடி அணியாமல் பொறியை ஓட்ட விடாதீர்கள். கையுறை வேண்டா, சுழலும் பொறி அதனைப் பற்றி இழுத்துவிடும். வேலைத்துண்டை இடுக்கியில் உறுதியாக இறுக்குக. வாள் சுழலும் தளத்துக்கு நேரே நில்லாது ஒதுங்கி நிற்க. முறிந்த துண்டு பறப்பது அத்திசையிலேயாம்.

விலையுயர்ந்த வாளைத் தேடி அலைவோர் பலர். அது அமரும் இடத்தை அளந்து பார்ப்போர் சிலர். நம் பிள்ளைகள் அச்சிலரைச் சேர்ந்தவராகட்டும். வாளைக் கையிலெடுக்குமுன் நுண்ணளவியை எடுக்கும் பழக்கம் அவர்களுக்கு வருமாயின், கருவியும் நிலைக்கும்; கண்ணும் கையும் நலமாயிருக்கும்.