விருது மேடைக்கும் தங்கவயலுக்கும் இடையே: உள்ளடக்கிய கல்விக்கான அங்கீகாரம் எங்கே நின்றுவிடுகிறது?

கோலார் தங்கவயல்: ஆண்டுதோறும் டிசம்பர் 3-ஆம் தேதி, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு அதிகாரமளித்தலுக்கான தேசிய விருதுகளைக் குடியரசுத் தலைவர் டெல்லியில் வழங்கி வருகிறார். சாதனை புரிந்த மாற்றுத்திறனாளிகள், அவர்களுக்காகப் பணியாற்றும் தனிநபர்கள், நிறுவனங்கள், வேலை அளிப்போர், தடையற்ற சூழலை உருவாக்கிய மாநிலங்கள், மாவட்டங்கள் எனப் பல பிரிவுகளில் இவ்விருதுகள் அளிக்கப்படுகின்றன. பத்ம விருதுகளிலும் அண்மை ஆண்டுகளில் இத்துறையினரின் பெயர்கள் தொடர்ந்து இடம்பெறுகின்றன.

இந்த அங்கீகாரம் மைசூர் மைன்ஸ் போன்ற ஓர் ஊரை எட்டுகிறதா என்ற கேள்வியை எழுப்பினால், விருதுகளின் பயனும் எல்லையும் ஒருசேரப் புலப்படும்.

கர்நாடகத்தில் தமிழ் பேசும் மக்கள் பெருமளவில் வாழும் கோலார் தங்கவயலின் சுரங்கப் பகுதிகளுள் ஒன்று மைசூர் மைன்ஸ். 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனத்தின் வருகையோடு விரிவடைந்த இச்சுரங்கங்களில், வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளில் இருந்து வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தன. அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம் கொண்டது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பணிகளை நிறுத்தியது. அன்று முதல் இவ்வூரின் உழைப்பாளர்களில் கணிசமானோர் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று திரும்புகின்றனர்.

சுரங்கம் மாற்றுத்திறனை உருவாக்கிய இடமும் ஆகும். பாறைவெடிப்பிலும் சரிவிலும் கை கால் இழந்தோர் ஒருபுறம். கல்தூசு நுரையீரலில் படிந்து மூச்சுத் திணறலுக்கு உள்ளானோர் மறுபுறம். சிலிக்கோசிஸ் எனும் இந்நோய் இந்தியாவில் முதன்முதலாக 1934-ல் பதிவானதே கோலார் தங்கச் சுரங்கங்களில்தான். 1940-களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், நாற்பது விழுக்காட்டுக்கும் கூடுதலானோருக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. எனினும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் சிலிக்கோசிஸ் இல்லை. தொழில்சார் நோய் என்ற வகையில் இழப்பீட்டுச் சட்டத்தில் அதற்கு இடமுண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு அது வழிவகுப்பதில்லை.

விருது பெற்ற முன்னோடிகளில் தமிழகத்துக்கு நன்கு அறிமுகமானவர் எஸ். ராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராக இருந்த அவர் 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூரு சென்றார். அங்கு நடந்த உடற்திறன் சோதனையில் தவறி விழுந்து, கழுத்துக்குக் கீழே இயக்கத்தை இழந்தார். சொந்த ஊரான தென்காசி அருகேயுள்ள ஆய்க்குடியில், ஐக்கிய நாடுகள் சபை மாற்றுத்திறனாளிகளுக்கான ஆண்டாக அறிவித்த 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் நினைவாகவே அமைப்புக்கு அப்பெயர் சூட்டப்பட்டது. தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இயங்கும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் பின்னர் அவருடன் இணைந்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பெருந்தொற்றின் காரணமாக விருது விழா 2021 நவம்பரில்தான் நடைபெற்றது.

ஆய்க்குடியும் பெருநகரம் அன்று. ஆயினும் அங்குப் பள்ளி, சிகிச்சை மையம், தொழிற்பயிற்சி ஆகியவை ஒரே வளாகத்தில் அமைந்துள்ளன. சுற்றியுள்ள கிராமங்களுக்குப் பணியாளர்கள் நேரில் சென்று, வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளை இளம் வயதிலேயே கண்டறிகின்றனர். விருது அறிவிக்கப்பட்டபோது அச்சங்கத்தின் வயது ஏறத்தாழ நாற்பது. விருது பணியைத் தொடங்கி வைப்பதில்லை, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் பணியைத் தேடி வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஒரு ராமகிருஷ்ணன் அமையாத ஊர் என்ன செய்வது என்பதற்கு எந்த விருதுப் பிரிவிலும் விடையில்லை.

கர்நாடகத்தில் இதே மரபைச் சார்ந்தவர் கே.எஸ். ராஜண்ணா. குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளை வாதத்தால் கை கால்களை இழந்த அவர், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையராகப் பணியாற்றியவர். 2024-ல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. வெளியிலிருந்து உதவுவோரை மட்டுமே கௌரவித்து வந்த காலம் மாறி, மாற்றுத்திறனாளிகளே தலைவர்களாக ஏற்கப்படுவதை இவ்விரு விருதுகளும் காட்டுகின்றன. இது வரவேற்கத்தக்க மாற்றம்.

கல்வியைப் பொறுத்தவரை நிலைமை சிக்கலானது. 'உள்ளடக்கிய கல்வி' என்ற சொல் அரசு ஆவணங்களில் தாராளமாகப் புழங்குகிறது. பல வேளைகளில் 'ஒருங்கிணைந்த கல்வி' என்பதற்கு மாற்றாகவே எழுதப்படுகிறது. இரண்டும் ஒன்றல்ல. 1974-ல் மத்திய அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த கல்வித் திட்டம், குழந்தையைப் பொதுப் பள்ளியில் சேர்ப்பதை இலக்காகக் கொண்டது. 2016 சட்டமோ, அனைத்துக் குழந்தைகளும் ஒன்றாகக் கற்பதோடு, கற்பிக்கும் முறையும் அக்குழந்தைக்கேற்ப மாற வேண்டும் என்கிறது. முந்தையதில் மாற வேண்டியது குழந்தை, பிந்தையதில் பள்ளி. விருதுக் குறிப்புகளில் இவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

பள்ளிக் கல்வித் தகவல் தொகுப்பின்படி, 2021-22-ல் நாடெங்கும் சிறப்புத் தேவையுடைய 22.67 லட்சம் மாணவர்கள் சேர்க்கப்பட்டிருந்தனர். மொத்த மாணவர் எண்ணிக்கை 25 கோடிக்கும் மேல் என்பதால், இது ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ மாற்றுத்திறனாளிகளின் பங்கு 2.21 விழுக்காடு. 5 முதல் 19 வயது வரையிலான மாற்றுத்திறன் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் எந்தக் கல்வி நிலையத்துக்கும் செல்வதில்லை என 2019-ல் யுனெஸ்கோ அறிக்கை சுட்டிக்காட்டியது.

சிறப்பு ஆசிரியர் பற்றாக்குறை இதற்கு முக்கியக் காரணம். தொடக்கப் பள்ளியில் 10 மாணவருக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 மாணவருக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் வகுத்தது. பணியிடங்கள் உருவாக்கப்படாததைக் கண்டு, 2025 மார்ச்சில் மாநிலங்கள் அவற்றை அறிவிக்கை செய்ய வேண்டும் என மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. கர்நாடகத்தில் வட்டார வள ஆசிரியர்கள் பள்ளி பள்ளியாகச் சென்று கற்பிக்கின்றனர். ஒரே ஆசிரியர் பல பள்ளிகளுக்குப் பொறுப்பேற்கும்போது, ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்பதை எவரும் ஊகிக்கலாம்.

தங்கவயலில் இதனுடன் மொழியும் சேர்ந்துகொள்கிறது. வீட்டில் தமிழ், வீதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும், பள்ளியில் கன்னடம் அல்லது ஆங்கிலம் என்ற சூழலில், பேச்சுக் குறைபாடோ கற்றல் குறைபாடோ உள்ள குழந்தையை எந்த மொழியில் மதிப்பிடுவது என்பது சிறிய வினா அன்று. தாய்மொழியில் தடையின்றிப் பேசும் குழந்தை, பள்ளி மொழியில் தடுமாறுவதாலேயே குறைபாடுள்ளதாகக் கருதப்படலாம். உண்மையான குறைபாடு மொழிச் சிக்கல் எனத் தள்ளப்படவும் கூடும். பேச்சு, செவித்திறன் துறையில் நாட்டின் முதன்மை நிறுவனம் 1965-ல் மைசூரில் நிறுவப்பட்டது. பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் சென்னை அருகே முட்டுக்காட்டில் இயங்குகிறது. மைசூர் என்ற பெயரைத் தாங்கிய மைசூர் மைன்ஸ் மக்களுக்கு இரண்டுமே தொலைதூரப் பயணம்; தினக்கூலியை இழந்து ஒரு தாய் எத்தனை முறை செல்ல இயலும்?

கர்நாடக நகராட்சிகள் தங்கள் நிதியில் 5 விழுக்காட்டை மாற்றுத்திறனாளிகள் நலனுக்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் மதிப்பூதியத்தில் பணிபுரியும் புனர்வாழ்வுப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று விண்ணப்பங்களைப் பெறுகின்றனர். அவர்களில் பலர் மாற்றுத்திறனாளிகளே. ஊதிய உயர்வு கோரி அவர்கள் போராடிய செய்திகள் வருவதுண்டு. அவர்களுக்கென ஒரு விருது அறிவிக்கப்பட்ட செய்தி அரிது. அடித்தளப் பணி இவர்களுடையது என்பதால், தேசிய விருதுகளில் களப்பணியாளருக்கென ஒரு பிரிவு சேர்க்கப்படுவது நியாயமானதே.

விருதுக்கான பரிந்துரைகள் தற்போது மத்திய அரசின் விருதுகள் இணையதளம் வழியாகவே பெறப்படுகின்றன. ஆவணம் தயாரிக்க ஆள் வைத்திருக்கும் பெருநகர அமைப்புகளுக்கு இது எளிது. சுரங்கக் குடியிருப்பில் வாய்பேச இயலாத பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தருபவர் ஒருவர் இருப்பாரானால், அவரைப் பரிந்துரைக்க மாவட்ட நிர்வாகமே முன்வர வேண்டியிருக்கும்.

சிலிக்கோசிஸ் விவகாரத்தில் முன்னுதாரணம் உண்டு. ராஜஸ்தான் அரசு 2019-ல் தனிக் கொள்கை வகுத்து, நோயாளிகளுக்கு நிதியுதவியும் மாத ஓய்வூதியமும் அறிவித்தது. முதல் நோயாளிகள் பதிவான கோலார் தங்கவயலில், ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்களின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறது.