இலக்கணக் கண்ணி

கல்லூரி வாசலில் இலக்கணத்தைக் காவலுக்கு நிறுத்துகிறார்கள். நிறுத்தட்டும். காவல்காரனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வருகிறவன் யார், எதற்கு வருகிறான் என்று பார்ப்பது காவல்காரனுடைய வேலை. வருகிறவன் கால் இடறி விழும்படி வாசற்படியில் கயிறு கட்டி வைப்பது அவன் வேலையல்ல. நுழைவுப் பரீட்சைகளில் மொழிப் பகுதி என்ற பெயரால் இப்போது கட்டப்படுவது இந்தக் கயிறுதான்.

"இவன் கதை எழுதுகிறவன், இலக்கணம் தெரியாது, அதனால் ஆத்திரப்படுகிறான்" என்று வாசகர்களில் சிலர் நினைக்கக்கூடும். கல்லூரியில் நான் இருந்தது இரண்டே வருஷம் என்பது உண்மை. அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேலாகத் தமிழ் எழுதித்தான் சாப்பிடுகிறேன். தச்சனுக்கு உளியின்மேல் எவ்வளவு விரோதம் இருக்க முடியுமோ, அவ்வளவுதான் எனக்கு இலக்கணத்தின்மேல் விரோதம்.

விஷயத்துக்கு வருகிறேன். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் சேர்த்து 'க்யூட்' என்ற பொது நுழைவுத் தேர்வை 2022-ஆம் வருஷம் கொண்டுவந்தார்கள். அந்த ஏப்ரல் மாதமே, இது வேண்டாம் என்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. தீர்மானத்தைத் தாண்டிக்கொண்டு அது எங்கள் திண்டுக்கல் பக்கமும் வந்து சேர்ந்தது. அம்பாத்துரைக்கு அருகே சிறுமலையைப் பார்த்தபடி இருக்கிறதே காந்திகிராமம், அங்கேயும் அந்த வருஷம் இளநிலை வகுப்பில் சேர க்யூட் எழுதச் சொன்னார்கள். 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் ஏற்படுத்திய ஸ்தாபனம் அது. தாய்மொழியிலே, ஒரு கைத்தொழிலின் வழியே பிள்ளைகள் படிக்கவேண்டும் என்று 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் சொன்னாரே, அந்த ஆதாரக் கல்வியின் காற்று வீசிய இடம். அதன் வாசலில், கம்ப்யூட்டர் திரையில் நாலு விடை காட்டி ஒன்றைத் தொடு என்கிறார்கள்!

எங்கள் தெருவில் ஒரு பெண். அப்பா பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறார். பரீட்சைக்குத் தயார் செய்கிறேன் என்று ஒருநாள் இரண்டு வழிகாட்டிப் புத்தகங்களோடு வந்தாள். ஒரு புத்தகத்தில் 'வாழ்த்துகள்' சரி, 'வாழ்த்துக்கள்' தப்பு. அடுத்த புத்தகத்தில் 'வாழ்த்துக்கள்' சரி, மற்றது தப்பு.

"மாமா, நீங்க எப்படி எழுதுவீங்க?"

"நான் க் போட்டுத்தான் எழுதுவேன். பத்திரிகை ஆசிரியர் சில சமயம் அதை எடுத்துவிடுவார். இரண்டையும் வாசகர்கள் படிக்கிறார்கள். க் இல்லை என்று பத்திரிகையைத் திருப்பி அனுப்பினவர்கள் கிடையாது."

"அது சரி மாமா. கம்ப்யூட்டர் எதை ஒத்துக்கும்?"

இந்தக் கேள்விக்குத் தொல்காப்பியரே எழுந்து வந்தாலும் பதில் சொல்ல முடியாது.

வாசகர்களுக்கு அந்த வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'வாழ்த்து' என்பது வன்தொடர்க் குற்றியலுகரம். அதன் பின்னே வல்லினம் வந்தால் மிகும். ஆகவே 'வாழ்த்துக்கள்' என்பார் ஒரு கட்சியார். அந்த விதி இரண்டு சொற்கள் புணர்வதற்கு உரியது. 'கள்' சொல்லல்ல, வெறும் விகுதி. மிகுந்தால் அது குடிக்கிற கள்ளாகிவிடும் என்பார் எதிர்க்கட்சியார். (பொங்கல் வாழ்த்தைக் குடித்து மயங்கிக் கிடந்தவர் யாரையும் நான் திண்டுக்கல்லில் கண்டதில்லை.) இரண்டு பக்கமும் படித்த புலவர்கள் இருக்கிறார்கள். நல்ல சண்டை. வகுப்பிலே வாத்தியாரும் பிள்ளைகளும் ஒரு மணி நேரம் இதைப் போட்டு அலசினால் இலக்கணம் இனிக்கும். பரீட்சையில் இதை வைத்தால் அது சூதாட்டம்.

சூதாட்டம் என்பதை வசவாகச் சொல்லவில்லை; கணக்காகவே சொல்கிறேன். க்யூட்டில் சரியான விடைக்கு ஐந்து மார்க். தப்பான விடைக்கு ஒன்று கழியும். ஒன்றுமே தெரியாத ஒருவன் நாலு கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால், சராசரியில் ஒன்று சரியாகும்: வரவு ஐந்து, செலவு மூன்று, கையில் இரண்டு. விளக்கம் கேட்டால் இரண்டு கட்சியின் வாதத்தையும் எடுத்துச் சொல்லத் தெரிந்த பெண், வினா எழுதியவரின் கட்சி எது என்று தெரியாததால் தவறானதைத் தொட்டுவிட்டால், அவளுக்கு ஒன்று நஷ்டம். "இந்தத் தேர்வில் இதைத்தான் ஒத்துக்கொள்வார்கள்" என்று பயிற்சி வகுப்பில் பணம் கட்டி உருப்போட்டவனுக்கு ஐந்து லாபம். இருவருக்கும் இடையே ஆறு மார்க்! அந்த ஆறு மார்க்கில் அளக்கப்பட்டது தமிழா, பணமா? வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் ஷிப்ட் முடித்து வருகிற ஒரு தாயின் பிள்ளைக்கு அந்த ஆறு மார்க்கை யார் கொடுப்பார்கள்?

இதைவிட எனக்கு வயிற்றெரிச்சல் இன்னொன்று. நம் இலக்கணத்தைப்போலத் தாராள மனசுள்ள இலக்கணம் அதிகம் கிடையாது. அதை இந்தப் பரீட்சைகள் கருமியாக்கிவிட்டன. சரி, தப்பு என்று இரண்டோடு நம் முன்னோர்கள் நிறுத்தவில்லை. வழாநிலை, வழு, வழுவமைதி என்று மூன்று வைத்தார்கள். பிழைதான், ஆனால் காரணம் இருக்கிறது, ஏற்றுக்கொள்வோம் என்பது மூன்றாவது. பசுமாட்டை "என் அம்மை வந்தாள்" என்கிறான் ஒருவன். திணை தவறிவிட்டது, ஆனால் அன்பு பேசுகிறது, இருக்கட்டும் என்றார்கள். மகளைப் பார்த்து "வாடா ராஜா" என்கிறாள் தாய். பால் மாறிவிட்டது, இருக்கட்டும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நத்தம் வண்டி கண்டக்டர் "ஏறு ஏறு, வண்டி எடுத்தாச்சு!" என்று கூவுகிறார். டிரைவர் இன்னும் டீக்கடையில் நிற்கிறார். எதிர்காலத்தை இறந்தகாலமாகச் சொல்லிவிட்டார் கண்டக்டர். விரைவு காரணமாகக் காலம் மயங்கலாம் என்று அவருக்கும் இலக்கணத்தில் இடம் வைத்திருக்கிறார்கள்! பழையவை கழிவதும் புதியவை நுழைவதும் குற்றமல்ல என்ற கருத்தைப் பவணந்தி முனிவர் நன்னூலின் கடைசிச் சூத்திரமாகவே வைத்துவிட்டுப் போனார். மூன்றாவது அறையைப் பூட்டிவிட்டு நாலு விடையை நீட்டுகிறவர்கள் இலக்கணத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்வது வேடிக்கை.

இங்கிலீஷிலும் இதே கதைதான். இருவருக்கு 'ஈச் அதர்', இருவருக்கு மேற்பட்டால் 'ஒன் அனதர்' என்று நம் பிள்ளைகளை உருப்போட வைக்கிறார்கள். அந்தப் பாகுபாட்டுக்குப் பயனும் இல்லை, பழைய வழக்கின் ஆதாரமும் இல்லை என்று பௌலர் என்ற இங்கிலீஷ்காரர் 1926-இலேயே தம் அகராதியில் சொல்லிவிட்டார். அமெரிக்காவில் 2002-ஆம் வருஷம் 'பி.எஸ்.ஏ.டி.' என்ற பரீட்சையில், நாவலாசிரியை டோனி மாரிசனைப் பற்றிய ஒரு வாக்கியத்தைக் கொடுத்துப் பிழை எங்கே என்று கேட்டார்கள். பிழை இல்லை என்பது அவர்கள் விடை. மேரிலாந்து மாநிலத்து ஆசிரியர் ஒருவர், 'மாரிசனுடைய' என்று உடைமையாக வந்த பெயரை 'அவள்' என்ற சொல் சுட்டக்கூடாது, ஆகவே பிழை உண்டு என்று எதிர்த்தார். 'கண்ணகியின் கோபம் அவளை அரண்மனைக்கு இட்டுச் சென்றது' என்றால், அவள் யார் என்று கேட்கிற தமிழன் உண்டா? என்றாலும் அந்த விதியைச் சொல்லும் புத்தகங்கள் அங்கே இருந்தன. முதலில் மறுத்தவர்கள், 2003-இல் அந்தக் கேள்வியையே தள்ளுபடி செய்தார்கள். பெரிய பெரிய நிபுணர்கள் உட்கார்ந்து தயாரித்த கேள்வி அது!

நம் ஊரிலும் விடைப்பட்டியலை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கிறார்களே என்பீர்கள். கேட்கிறார்கள். ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபிக்க வேண்டும். பணம் திரும்பி வராது. ஒரு க்-கை மீட்க 200 ரூபாய்! பணம் கட்டாமல் கோர்ட்டுக்குப் போனாலும் கதை எப்படி முடியும் என்று 2018-இல் பார்த்தோம். அந்த வருஷம் நீட் தேர்வின் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை. சிறுத்தை என்று இருக்கவேண்டிய இடத்தில் 'சீத்தா' என்று இருந்தது. தமிழில் எழுதியவர்களுக்கு 196 மார்க் கொடுக்கும்படி ஜூலையில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை சொன்னது. அந்த மாதமே சுப்ரீம் கோர்ட் நிறுத்தி வைத்தது. நவம்பரில் ரத்தே செய்துவிட்டது. பிள்ளை ஒரு விகுதியில் தடுக்கினால் மார்க் போகும். பரீட்சை வைக்கிறவர்கள் ஒரு மிருகத்தையே தொலைத்தாலும் ஒன்றும் போகாது.

வேறு வழி என்ன என்று கேட்பீர்கள். ஒரு பத்தியைக் கொடுத்து, அதில் சொல்லியிருப்பதைச் சொந்த வார்த்தையில் பத்து வரி எழுதச் சொல்லுங்கள். பிள்ளைக்கு மொழி இருக்கிறதா இல்லையா என்பது மூன்றாவது வரியிலேயே தெரிந்துபோகும். அத்தனை தாளையும் யார் திருத்துவது, இயந்திரம் இருந்தால்தான் சீக்கிரம் ஆகும் என்பது அவர்கள் கட்சி. தமிழ்நாட்டில் வருஷந்தோறும் ஏழெட்டு லட்சம் பிள்ளைகள் ப்ளஸ் டூ எழுதுகிறார்கள். அவர்களுடைய தாள்களை நம் வாத்தியார்கள் பேனாவால்தான் திருத்துகிறார்கள். 2022-இல் அந்தப் பரீட்சை மே மாதக் கடைசியில் முடிந்தது. ஜூன் 20-ஆம் தேதி முடிவு வந்துவிட்டது. அதே வருஷம் க்யூட் ஆகஸ்ட் 30-ஆம் தேதி முடிந்தது. இயந்திரம் திருத்திய முடிவு செப்டம்பர் நடுவில் வந்தது. மிச்சமானது ஏறக்குறைய ஒரு வாரம்.