மது தொடாதவரின் கல்லீரலும் நமது விருந்துகளும்

மதுவின் பக்கமே செல்லாத ஒருவருக்குக் கல்லீரல் பழுதுபட்டிருக்கிறது என்ற செய்தி மஹல்லாவில் பரவினால், முதலில் எழுவது அவருடைய நலம் பற்றிய கவலை அன்று. அவருடைய ஒழுக்கம் பற்றிய ஐயமே. ‘ஈரல் கெடுவது குடிப்பவனுக்குத்தானே?’ என்று கேட்டுவிடுகிறோம். இந்தப் பழிச்சொல்லுக்கு அஞ்சி, ஸ்கேன் அறிக்கையை வீட்டாருக்குக்கூடக் காட்டாமல் மறைத்து வைப்போர் உண்டு. ஒரு முஃமினைப் பற்றித் தீய எண்ணம் கொள்வது பாவம். அந்த எண்ணத்தால் அவருடைய மருத்துவம் தாமதப்படுமானால், அது பாவத்தின் மேல் மற்றொரு பாவமாகும்.

இந்த ஐயம் நமக்கு மட்டும் உரியதன்று. மருத்துவ உலகமே நெடுங்காலம் இதில் சிக்கியிருந்தது. 1980ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த லுட்விக் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 20 நோயாளிகளின் கல்லீரல் திசுக்களை ஆராய்ந்து எழுதினர். குடிகாரரின் கல்லீரலில் காணப்படும் கொழுப்பும் அழற்சியும் அத்திசுக்களில் இருந்தன. ஆயினும் அவர்கள் குடிப்பழக்கம் உடையோர் அல்லர். பெரும்பாலோர் உடற்பருமன் உடையவர்களாகவும், பலர் நீரிழிவு உடையவர்களாகவும் இருந்தனர். மது சாராக் கொழுப்புக் கல்லீரல் அழற்சி என்ற பெயர் அப்போதுதான் பிறந்தது. இந்திய அரசு 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்நோயைத் தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் சேர்த்தது.

தமிழ்நாட்டின் நிலையைச் சிறிது நோக்குவோம். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் மாநிலத்துப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அதிக எடையோ உடற்பருமனோ உடையவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இவ்வளவு 30.9 ஆகவும் 28.2 ஆகவும் இருந்தது. சென்னையில் நடைபெற்ற ‘கியூர்ஸ்’ ஆய்வு 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, பரிசோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குக் கல்லீரலில் கொழுப்புப் படிந்திருந்தது. மெலிந்த உடலினர் தமக்கு இதில் பங்கில்லை என்று எண்ணிவிடலாகாது. மேற்கு வங்கத்தின் கிராமப்புறத்தில் 1,911 பேரிடம் நடந்த ஆய்வில், கொழுப்புக் கல்லீரல் கண்டறியப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பருமனும் தொந்தியும் இல்லாதவர்களாகவே இருந்தனர்.

உணவுக்கும் கல்லீரலுக்கும் உள்ள தொடர்பு என்ன? அல்லாஹ் நம் உடலை அமைத்திருக்கும் முறையைச் சிந்தித்தால் விடை கிடைக்கும். கல்லீரலுக்குச் செல்லும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு, குடலிலிருந்து போர்ட்டல் நாளம் வழியாகச் செல்வதாகும். எனவே நாம் உண்டதன் நன்மையும் தீமையும் முதலில் கல்லீரலின் வாசலையே தட்டுகின்றன. அந்தக் குடலில் நாம் மட்டும் உண்பதில்லை. ஒரு மனித உடலில் வாழும் பாக்டீரியாக்கள் ஏறத்தாழ 38 லட்சம் கோடி என்று கணக்கிட்டுள்ளனர். அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன. நம்மால் செரிக்க இயலாத நார்ச்சத்தே அவற்றின் உணவு. கீரை, பருப்பு, காய், தீட்டாத தானியம் ஆகியவற்றின் நாரை அவை நொதிக்கச் செய்து, குடற்சுவரைக் காக்கும் சிறு கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. நார் இல்லாமல் மைதாவும் சர்க்கரையும் பொரித்த எண்ணெயும் மட்டுமே வந்துகொண்டிருந்தால், நன்மை செய்யும் கூட்டம் மெலிந்து, குடற்சுவரின் காவல் தளர்கிறது. பாக்டீரியாக்களின் நச்சுப்பொருள்கள் கசிந்து, அதே நாளத்தின் வழியே கல்லீரலை அடைந்து அழற்சியை மூட்டுகின்றன. மிகுதியான சர்க்கரையோ கல்லீரலிலேயே கொழுப்பாக மாற்றப்பட்டுத் தங்குகிறது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜெஃப்ரி கார்டன் என்ற அறிஞரின் குழு இதைச் சோதித்தது. பருத்த எலியின் குடல் பாக்டீரியாக்களை, பாக்டீரியாவே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குச் செலுத்தியபோது, மெலிந்த எலியின் பாக்டீரியாக்களைப் பெற்றவற்றைவிட அவற்றின் உடலில் கொழுப்பு மிகுதியாகச் சேர்ந்ததை 2006இல் அவர்கள் கண்டனர். 2013இல், ஒருவர் பருத்தும் மற்றவர் மெலிந்தும் இருந்த இரட்டையரின் பாக்டீரியாக்களைக் கொண்டு மீண்டும் சோதித்தனர். இருவகை எலிகளையும் ஒரே கூண்டில் விட்டபோது, மெலிந்தவரின் பாக்டீரியாக்கள் மற்றதன் குடலிலும் குடியேறி, அது பருக்காமல் காத்தன. ஆனால் கொழுப்புக் குறைந்த, நார் மிகுந்த உணவைக் கொடுத்தபோதுதான் இது நிகழ்ந்தது. தீய உணவைத் தொடர்ந்தபோது அந்த நல்ல விருந்தாளிகள் நிலைக்கவில்லை. கடையில் விற்கும் ‘புரோபயாடிக்’ மாத்திரையை விழுங்கிவிட்டுப் பரோட்டாவைத் தொடரலாம் என்று எண்ணுவோர்க்கு இச்சோதனை போதிய விடையாகும்.

நம்மை மேலும் சிந்திக்க வைப்பது 2019இல் பெய்ஜிங் ஆய்வாளர்கள் வெளியிட்ட செய்தி. கடுமையான கொழுப்புக் கல்லீரல் நோய் கொண்ட ஒருவர், மது அருந்தாமலேயே, மாவும் சர்க்கரையும் மிகுந்த உணவை உண்டால் போதை அடைந்தார். அவர் குடலிலிருந்த ‘கிளெப்சியெல்லா’ வகை பாக்டீரியா அவ்வுணவை ஆல்கஹாலாக மாற்றிக்கொண்டிருந்தது. அவர்கள் ஆராய்ந்த மற்றக் கொழுப்புக் கல்லீரல் நோயாளிகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரிடமும் ஆல்கஹாலை மிகுதியாக உண்டாக்கும் அவ்வகை பாக்டீரியா காணப்பட்டது. போதை ஏறும் அளவுக்குச் செல்வது மிக அரிது. ஆயினும், ஒரு சொட்டு மதுவும் அருந்தாதவரின் கல்லீரலை அவர் உண்ட உணவே மதுவைப் போல் தாக்கக்கூடும் என்பது நமக்கு எச்சரிக்கை அன்றோ! அத்தகையவர் குடித்தவர் அல்லர். அவர்மீது குற்றமும் இல்லை. அவர்மீது நாவை நீட்டியவர்களே கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள்.

நம் மார்க்கம் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. உண்ணுங்கள், பருகுங்கள் என்று அனுமதித்த அதே வசனத்தில் (அல்அஃராஃப் 31) வீண்விரயத்தை அல்லாஹ் தடுத்துள்ளான். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என நபி (ஸல்) அவர்கள் அளவு வகுத்த செய்தியை மிக்தாம் (ரலி) அவர்கள் அறிவிக்க, திர்மிதீயில் காண்கிறோம். அவர்களின் வீட்டில் உண்ணப்பட்டது பெரும்பாலும் வாற்கோதுமை. அதுவும் நார் மிகுந்த தானியமே. ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்தபோது நபியவர்கள் அளித்த வலீமாவில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. பேரீச்சம்பழமும் பாலாடைக் கட்டியும் நெய்யுமே இருந்தன. அந்த வலீமாவில் என்ன குறை இருந்தது?

இனி நமதூருக்கு வருவோம். அரக்கோணத்திலிருந்து நாள்தோறும் விடியற்காலைப் புறநகர் ரயிலில் ஏறி, ஏறக்குறைய 70 கிலோமீட்டர் கடந்து சென்னையில் உழைத்துத் திரும்புவோர் நம்மில் பலர். காலையில் டீயும் பிஸ்கட்டும், நண்பகலில் கிடைத்தது, இரவு பத்து மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் என்று அவர்களுடைய நாள் கழிகிறது. விடுமுறை நாளில் நிக்காஹ் விருந்து. பிரியாணியோடு பிரட் அல்வா, ஐஸ்கிரீம், குளிர்பானம். ரமலானில் பகல் முழுதும் குடலுக்கு ஓய்வளித்துவிட்டு, மஃரிபில் சமோசாவும் பஜ்ஜியும் சர்க்கரை ஷர்பத்தும் கொண்டு அந்த ஓய்வின் பயனை அழித்துவிடுகிறோம். பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் சேர்ந்த நோன்புக் கஞ்சியோ ஒரு குவளையோடு ஓரமாய் நின்றுவிடுகிறது.

‘விருந்தினரை உபசரிப்பது சுன்னத் அல்லவா?’ என்று கேட்கப்படலாம். ஆம், சுன்னத்தே. ஆனால் உபசரிப்பு வேறு, திணிப்பு வேறு. ‘இன்னும் கொஞ்சம்’ என்று தட்டை நிரப்பி, வேண்டாம் என்பவரை மனம் புண்படச் செய்வது உபசரிப்பாகாது. ‘ஏழைக்கு நல்லுணவு வாங்க வழி ஏது?’ என்ற கேள்விக்கும் விடை உண்டு. முருங்கைக் கீரையும் கொள்ளும் கேழ்வரகும் நம் பகுதியில் ஏழைக்கு எட்டாதவை அல்ல. முதல்நாள் சோற்றில் நீரூற்றி நொதிக்கவிட்ட பழைய சோற்றைக்கூட, குடல் நோயாளிகளுக்குப் பயன்படுமா என்று சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் ஆராய்ந்துள்ளனர். எட்டாமற்போனது பொருளால் அன்று. ‘அது ஏழை உணவு’ என்ற நம் நாணத்தால்தான்.

உண்பது தனிமனிதரின் விருப்பமே. ஆனால் ஊரின் பழக்கத்தை ஊர்தான் மாற்ற முடியும். தனியொருவர் தம் வீட்டு வலீமாவில் குளிர்பானத்தை நிறுத்தினால் கஞ்சன் என்பர். ஜமாஅத் முடிவெடுத்தால் அது ஊர் வழக்கமாகிவிடும். ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளிடமும் மதரஸா பொறுப்பாளர்களிடமும் நாம் வேண்டுவது இவையே. பள்ளிவாசல் இஃப்தாரில் பேரீச்சம்பழம், பருப்பும் காயும் மிகுந்த கஞ்சி, பழம் ஆகியவை முதலிடம் பெறட்டும், பொரித்தவை ஒதுங்கட்டும். நிக்காஹ் பதிவின்போதே விருந்தின் வரம்பையும் பேசிவிடலாம். பிரியாணி இருக்கட்டும், அதற்கு மேல் இனிப்பும் குளிர்பானமும் வேண்டாம். மதரஸாவில் தங்கிப் பயிலும் பிள்ளைகளின் தட்டில் நாள்தோறும் ஒரு கீரையோ சுண்டலோ இடம்பெறட்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஜும்ஆவுக்குப் பின் அரசு மருத்துவரை அழைத்து, எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை அளவு ஆகியவற்றைப் பார்க்கச் செய்யலாம். நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் கவனம் தேவை என்பது மருத்துவர் கூற்று.

கல்லீரல் பொறுமையுள்ள உறுப்பு. நெடுங்காலம் வலியைக் காட்டாது. மயிலாடுதுறை அருகே கிளியனூரில் பிறந்த பேராசிரியர் முஹம்மது ரேலா, 1997இல் பிறந்து ஐந்தே நாளான குழந்தைக்குக் கல்லீரல் மாற்றுச் சிகிச்சை செய்து உலகை வியக்க வைத்தார். அத்தகைய கைத்திறன் அல்லாஹ்வின் அருளே. எனினும் மாற்றுக் கல்லீரல் எளிதில் கிட்டுவதன்று. கிட்டினும் அதன் செலவு ஒரு குடும்பத்தின் வீட்டையே விற்க வைக்கும். அதே வேளையில், பருமன் உடையவர் தம் எடையில் 7 முதல் 10 விழுக்காடு குறைத்தாலே கல்லீரலின் கொழுப்பும் அழற்சியும் பெரிதும் தணிகின்றன. எண்பது கிலோ எடையுள்ளவருக்கு அது ஆறு முதல் எட்டுக் கிலோ. திங்கள், வியாழன் நோன்பும், பள்ளிக்கு நடந்து செல்லும் ஐந்து வேளையும், மூன்றில் ஒரு பங்கு வயிறும் நம்மிடம் முன்பே இருக்கின்றன. நீரிழிவுக்கு மருந்து உண்போர் மட்டும் மருத்துவரைக் கேட்டு நோன்பைத் தொடங்கட்டும்.

நம் உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தியிருக்கிறார்கள். அந்த உரிமை பற்றிய விசாரணையில், மதுவைத் தொடவில்லை என்ற ஒரே விடை நமக்குப் போதுமா என்பதை ஒவ்வொரு ஜமாஅத்தும் சிந்திக்கட்டும்.